ஒரு குட்டி நாட்டின் பத்திரக் கட்டைப் படிப்பது எப்படி

ஜூரோங்கில் எங்கள் கிடங்குக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில், கூட வேலை பார்க்கும் போலந்துக்காரர் ஒருவர் தே தாரிக்கை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, "எங்கள் ஊர் ஒரு காலத்தில் தனி நாடு, தெரியுமா? கடைசி ராஜா அதை விற்றுவிட்டார்" என்றார். விற்றுவிட்டாரா? போரில் தோற்ற ராஜா, காட்டுக்கு ஓடிய ராஜா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன், நாட்டைக் கிரயம் பண்ணிக் கொடுத்த ராஜாவைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அவர் ஊரின் பெயர் ஸாட்டோர். அன்று பிடித்த பைத்தியம் நாலு மாதம் விடவில்லை.

இப்படி ஐரோப்பாவின் இடைக்காலத்துக் குட்டி நாடு ஒன்றின் கதையைச் சொந்தமாகத் தோண்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை, சரக்குக் கணக்குப் பார்ப்பவன். ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கம் தாத்தா விட்டுப்போன இரண்டு மா நிலத்துக்காகச் சித்தப்பாவோடு மூலப்பத்திரம், பாகப்பிரிவினை, வில்லங்கம் என்று ஒரு வருடம் அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சல் இங்கே கைகொடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய், போலந்து வரலாறு என்று தடியாக ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன் (ஆய்வுப் பகுதிப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், குளிர் அப்படி). மூன்று வாரத்தில் எனக்கு நிறைய மன்னர்கள் பழக்கமாகிவிட்டார்கள், ஸாட்டோர் பற்றி மட்டும் இரண்டு வரிதான் தேறியது. பெரிய நாட்டின் கதையை மன்னர், போர், தலைநகர் என்று சொல்லிவிடலாம். சின்ன நாட்டுக்கு வந்த போர் பெரும்பாலும் அடுத்தவனுடைய போர். அங்கே உண்மையில் நடந்ததெல்லாம் சொத்து விவகாரம். எந்த ஆறு வரை யார் பங்கு, யாருக்கு வாரிசு இல்லை, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், யார் எவ்வளவுக்கு விற்றார், இவ்வளவுதான். அதனால் அதை ஒரு நிலத்தின் பத்திரக் கட்டாக வைத்துப் படியுங்கள். தாய்ப்பத்திரத்தில் தொடங்கி, கைமாறிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தாள். எந்தத் தாளில் தொடர்ச்சி அறுகிறதோ அங்கேதான் கதை இருக்கிறது.

பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஸாட்டோர் முதலில் ஒஷ்வியென்ச்சிம் என்கிற சிற்றரசுக்குள் இருந்து, பிறகு பிரிந்த பங்கு. ஆகவே தேடலை ஒஷ்வியென்ச்சிமில் தொடங்க வேண்டும். அங்கேதான் முதல் முட்டுக்கட்டை, ஏனென்றால் அந்த ஊரின் ஜெர்மன் பெயர் அவுஷ்விட்ஸ். 1940இல் நாஜி ஜெர்மனி அந்த ஊரில் அமைத்த முகாமில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் யூதர்கள். ஜெர்மன் பெயரைப் போட்டுத் தேடினால் அதுதான் வரும், வரவும் வேண்டும். நான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் யோசிக்காமல் "அவுஷ்விட்ஸ் ராஜா" என்று சொல்லிவிட்டேன், மகள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் சோறு இறங்கவில்லை. இடைக்காலத்து ஊரைப் பேசும்போது போலிஷ் பெயரையே சொல்லுங்கள், எழுதும்போதும் அப்படியே. மரியாதைக்கும் அதுதான் சரி, தேடலுக்கும் அதுதான் பலன் தரும்.

போலிஷ் எழுத்துகளுக்கு வாலும் கொம்பும் உண்டு, அவற்றை நம் கைப்பேசியில் தட்டச்சு செய்து மாளாது. விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு மொழியில் அந்தச் சிற்றரசின் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் போலிஷுக்கு மாறி, தலைப்பில் இருக்கும் பெயரை அப்படியே நகலெடுத்துத் தேடுங்கள். வேறு உலகம் திறக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு போலிஷை ஓரளவுக்கு நன்றாகவே கையாள்கிறது, பட்டப்பெயர்களில் மட்டும் சொதப்பும்.

அடுத்தது, ஒவ்வோர் ஊருக்கும் இருக்கும் மூன்று நான்கு பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போலிஷில் செஷின் என்பது ஜெர்மனில் டெஷன், செக்கில் டியெஷீன். வ்ரோட்ஸ்வாஃப் என்பதே பிரெஸ்லாவ். இதில் பயப்பட ஒன்றுமில்லை, தரங்கம்பாடியை டிரங்கேபார் என்று எழுதியவர்களையும் தேக்காவை லிட்டில் இந்தியா என்று சொல்கிறவர்களையும் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் எழுதி வைக்காவிட்டால் ஒரே ஊரை இரண்டு ஊராக நினைத்து ஒரு வாரம் வீணாகும். எனக்கு ஆனது.

ஆட்களின் பெயர் இன்னும் மோசம். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல (பெயரன் என்பதுதானே பேரன் ஆனது) அங்கேயும் ஒரே ஐந்தாறு பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும்: யான், கஷிமியேஷ், வாட்ஸ்வாஃப், ப்ஷெமிஸ்வாஃப். எண்களை நம்பாதீர்கள். ஒஷ்வியென்ச்சிமின் முதலாம் கஷிமியேஷ் என்றால் அந்தச் சிற்றரசில் அவர் முதலாமவர், அவ்வளவுதான். அதே நூற்றாண்டில் போலந்தின் மன்னராக இருந்தவர் நான்காம் கஷிமியேஷ். எண்ணைவிடப் பட்டப்பெயர் நல்ல அடையாளம். கோணவாயன், சுருட்டைமுடியன், முழ உயரத்தான், கால்பின்னி என்று வாய்க்கு வந்தபடி வைத்திருக்கிறார்கள், நம் ஊர்த் திண்ணையில் வைத்ததுபோலவே இருக்கும். இன்னொரு குழப்பம்: போலிஷில் இளவரசனுக்கும் டியூக்குக்கும் ஒரே சொல்தான், க்ஷியொன்ஜெ. ஒரு புத்தகத்தில் இளவரசர் என்றும் இன்னொன்றில் டியூக் என்றும் வந்தால் இரண்டு ஆட்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நான் இங்கே சிற்றரசர் என்றே எழுதுகிறேன்.

தாய்ப்பத்திரமும் பங்காளிகளும்

போலந்தின் எந்தச் சிற்றரசை எடுத்தாலும் தாய்ப்பத்திரம் ஒன்றுதான்: 1138இல் இறந்த மூன்றாம் போலெஸ்வாஃபின் உயில். இவர்தான் கோணவாயன். பியாஸ்ட் வம்சம். மகன்களுக்குள் சண்டை வரக்கூடாது என்று நாட்டைப் பங்கு பிரித்து, மூத்தவருக்கு மட்டும் அப்போதைய தலைநகர் கிராகூவையும் மற்றவர்கள்மேல் ஒரு மேலாண்மையையும் வைத்துவிட்டுப் போனார். சண்டை வரக்கூடாது என்று எழுதிய உயிலால் சண்டை வராமல் இருந்ததாக உங்கள் குடும்பத்தில் யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? எட்டே வருடத்தில், 1146இல், தம்பிகள் சேர்ந்து மூத்தவர் விவாடிஸ்வாஃபை நாட்டைவிட்டே துரத்தினார்கள். அவர் திரும்பவே இல்லை. மகன்கள்தான் 1163இல் திரும்பி வந்து, இன்றைய போலந்தின் தென்மேற்கில் இருக்கும் சைலீஷியாவைத் தங்கள் பங்காகப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த மகன்களில் ஒருவர் மியெஷ்கோ, கால்பின்னி என்று பட்டம். ராச்சிபூஷ் அவருடைய பங்கு. 1170களின் கடைசியில் கிராகூவில் ஆண்ட சித்தப்பா கஷிமியேஷ், பித்தோமையும் ஒஷ்வியென்ச்சிமையும் இந்த மியெஷ்கோவுக்குக் கொடுத்தார். ஏன் என்பதற்கு மரபாகச் சொல்லும் காரணம், மியெஷ்கோவின் குழந்தைக்குத் தன் பெயரை வைத்ததற்கான ஞானஸ்நானப் பரிசு என்பது. இந்தத் தாளைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை கிராகூவைச் சேர்ந்திருந்த நிலம் இந்த ஒரு கொடையால் சைலீஷியாவின் பக்கம் போனது. பின்னால் கிராகூ மன்னர்கள் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் அதே கிராகூவை முன்பு ஆண்டவர் இனாமாகக் கொடுத்த நிலத்தைத்தான்.

இனி வேகமாகப் போகலாம், ஏனென்றால் அடுத்த நூறு வருடமும் பங்கு பங்காகப் போவதுதான். 1280களின் தொடக்கத்தில் மியெஷ்கோவின் வழிவந்த ஒபோலெ சிற்றரசர் இறந்ததும் நாலு மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் கூட்டாக வைத்திருந்ததை 1290 வாக்கில் மறுபடி பிரித்தபோது செஷினும் ஒஷ்வியென்ச்சிமும் ஒருவருக்கு வந்தன. அவர் 1315 வாக்கில் இறந்ததும் ஒரு மகனுக்குச் செஷின், இன்னொருவருக்கு ஒஷ்வியென்ச்சிம். அங்கேதான் ஒஷ்வியென்ச்சிம் தனி நாடாகிறது. மூத்தவனுக்கே எல்லாம் என்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை, எல்லா மகன்களுக்கும் பங்கு. பங்காளி என்கிற தமிழ்ச் சொல்லைச் சரியாகப் புரிந்தவருக்கு சைலீஷிய பியாஸ்ட்களைப் புரிந்துகொள்ள வேறு பாடம் தேவையில்லை. 1730 வாக்கில் சேதுபதிச் சீமையை ஐந்தாக வகுத்து, மூன்று பங்கு ராமநாதபுரத்துக்கு, இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்கு என்று சிவகங்கை பிறந்த கதை தெரியும் அல்லவா, அதே கணக்கை நாலைந்து தலைமுறைக்கு விடாமல் செய்துகொண்டே போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வில்லங்கம் இருக்கிறதா என்று பாருங்கள்

சித்தப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. பத்திரத்தில் பெயர் இருக்கிறது என்பதால் நிலம் அவருடையது என்று ஆகிவிடாது, அதன்மேல் வேறொருவருக்குப் பாத்தியதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குட்டி நாடுகளில் இந்தப் பாத்தியதை விசுவாசப் பிரமாணத்தில் ஒளிந்திருக்கும். சிற்றரசர் தன் நாட்டை ஒரு பெரிய மன்னரிடம் ஒப்படைத்து, அதையே மானியமாகத் திரும்ப வாங்கிக்கொள்வார். அரண்மனை, கொடி, காசாளர் எல்லாம் பழையபடி இருக்கும், ஆனால் மேலே ஒருவர் வந்துவிட்டார். நம் பாளையக்காரர்கள் கப்பம் கட்டியதோடு இதைக் கொஞ்சம் ஒப்பிடலாம், முழுக்க ஒன்றல்ல. 

ஒஷ்வியென்ச்சிமின் வில்லங்கம் 1327இல் விழுந்தது. அந்த வருடம் சைலீஷியாவின் தென்பகுதிச் சிற்றரசர்கள் வரிசையாகப் போய் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) மன்னர், லக்ஸம்பர்க் யோஹானுக்குப் பணிந்தார்கள், ஒஷ்வியென்ச்சிமின் முதலாம் யானும் போனார். 1339இல் போலந்தின் மூன்றாம் கஷிமியேஷ், பொஹீமியாவுக்குப் பணிந்த இந்தச் சிற்றரசுகள்மேல் தனக்கு உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆக, வரைபடத்தில் அப்போதைய ஒஷ்வியென்ச்சிமைப் போலந்தின் நிறத்தில் பார்த்தால் அந்த வரைபடத்தை மூடி வைத்துவிடலாம்.

அடுத்து வருவது நான் விழுந்த குழி. முதலாம் யான், அவர் மகன் இரண்டாம் யான், அவர் மகன் மூன்றாம் யான். அப்புறம் ஒரு நான்காம் யான் வருகிறார், நான் அவரை மூன்றாமவரின் மகன் என்று எழுதிவிட்டேன். இல்லை. மூன்றாம் யான் 1405இல் வாரிசு இல்லாமல் இறந்தார். நிலம் செஷின் பங்காளிகளிடம் போனது. அங்கே ப்ஷெமிஸ்வாஃப் என்கிற கிழவரின் மகன், அவர் பெயரும் ப்ஷெமிஸ்வாஃப்தான், அதற்கு அடுத்த வருடத் தொடக்கத்திலேயே கொலையானார். கொலையானவரின் மகன் கஷிமியேஷ் கைக்கு ஒஷ்வியென்ச்சிம் வந்தது. அவருடைய மூன்று மகன்களில் ஒருவர்தான் நான்காம் யான். எண் தொடர்கிறது, இரத்த வழி வேறு கிளைக்குத் தாவிவிட்டது. அதனால் வம்ச வரைபடத்தை யாரோ போட்டதைப் பார்க்காமல் நீங்களே பென்சிலில் போடுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் அப்பா யார் என்று எழுதாமல் கோடு இழுக்காதீர்கள்.

இந்த மூன்று சகோதரர்களும் 1445இல் பிரித்துக்கொண்டார்கள். யானுக்கு ஒஷ்வியென்ச்சிம், வாட்ஸ்வாஃபுக்கு ஸாட்டோர், ப்ஷெமிஸ்வாஃபுக்குத் தோஷெக். நம் கோப்பிக் கடை நண்பரின் ஊர் தனி நாடானது அன்றைக்கு. தோஷெக் சைலீஷியாவோடு போய்விட்டது, அதை இந்தக் கட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

கிரயம்

இப்போது விற்பனைக்கு வருவோம், நான் இந்த வேலையில் இறங்கியதே இதற்காகத்தானே. 1454இல் நான்காம் யான் பொஹீமியாவை விட்டுப் போலந்து மன்னர் நான்காம் கஷிமியேஷுக்குப் பணிந்தார். 1456இல் ஸாட்டோர் வாட்ஸ்வாஃபும் அதையே செய்தார். 1457இல் யான் ஒஷ்வியென்ச்சிமை முழுக்க மன்னருக்கு விற்றார். விலை 50,000 கோப்பா பிராக் குரோஷன்.

இந்த மாதிரி எண்ணைப் பார்த்ததும் இன்றைய டாலராக மாற்றித் தருகிற வலைக் கணக்குகளைத் தேடாதீர்கள், அவை பொழுதுபோக்குக்கு ஆகும், வரலாற்றுக்கு ஆகாது. முதலில் அலகைப் பிரியுங்கள். கோப்பா என்றால் அறுபது. (நம் கோப்பிக் கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நண்பரிடம் கேட்டுவிட்டேன்.) பிராக் குரோஷன் என்பது 1300 முதல் பொஹீமியாவின் குட்னா ஹோராவில் அடித்த வெள்ளிக்காசு. ஆக 50,000 கோப்பா என்றால் முப்பது லட்சம் வெள்ளிக்காசு. அடுத்து, அதே காலத்தில் அதே வட்டாரத்தில் வேறென்ன விற்றது என்று பாருங்கள். 1443இல் கிராகூ ஆயர் ஸ்பிக்னியெவ் ஒலெஷ்னிட்ஸ்கி, செஷின் சிற்றரசரிடமிருந்து ஷெவியெஷ் என்கிற இன்னொரு குட்டி நாட்டை 6,000 கிஷிவ்னாவுக்கு வாங்கினார். ஒரு கிஷிவ்னா போலந்துக் கணக்கில் 48 குரோஷன், அப்படியானால் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. குரோஷனின் தரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இதைப் பைசா சுத்தமான ஒப்பீடாக எடுக்க வேண்டாம், ஆனாலும் ஒஷ்வியென்ச்சிம் பல மடங்கு விலை போனது என்பது தெரிகிறது. மன்னர் அப்போது டியூட்டானிய வீரத்துறவிகளோடு (பால்டிக் கரையில் தனி நாடே நடத்திய ஜெர்மன் படைத்துறவிகள்) 1454இல் தொடங்கிய பதின்மூன்று வருடப் போரில் பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1457லேயே அந்தத் துறவிகள் சம்பளம் பாக்கி வைத்த கூலிப்படையிடமிருந்து அவர்களுடைய மால்போர்க் கோட்டையையும் காசு கொடுத்துத்தான் வாங்கினார். சண்டை போட்டுப் பிடிப்பதைவிட வாங்குவது லாபம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது நமக்கு அந்நியமான கதையும் இல்லை. 1824 ஆகஸ்டில் சுல்தான் ஹுசேன் 33,200 ஸ்பானிய டாலரும் மாதம் 1,300ம், தெமங்கோங் 26,800 டாலரும் மாதம் 700ம் என்று ஒப்பந்தம் போட்டு இந்தச் சிங்கப்பூரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு நிரந்தரமாகக் கொடுத்தார்கள். தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகையில் வாங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எண்ணிப் பார்த்தால் ஒரு தினுசாகத்தான் இருக்கிறது.

ஸாட்டோரின் கிரயம் இன்னும் சுவாரஸ்யம். வாட்ஸ்வாஃபுக்கு நாலு மகன்கள். 1474இல் ஸ்காவா நதியை நடுவில் வைத்து இருவர் இருவராகப் பிரித்துக்கொண்டார்கள். வரைபடத்தில் ஸாட்டோரைப் பார்த்தால் இதற்குமேல் எங்கே பிரிப்பது என்று தோன்றும், பிரித்திருக்கிறார்கள். கடைசியில் மிஞ்சியவர் யானுஷ், ஐந்தாம் யான் என்றும் எழுதுவார்கள். இவர் 1494இல் நாட்டைப் போலந்து மன்னர் யான் ஒல்பிராக்டுக்கு 80,000 ஃப்ளோரினுக்கு விற்றார், ஆனால் ஆயுள் உள்ளவரை தானே ஆளுவேன் என்று ஒரு விதியும் சேர்த்துக்கொண்டார். பணமும் வந்தது, நாற்காலியும் போகவில்லை. நம் ஊரில் சொத்தைப் பிள்ளை பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, ஆயுள் மட்டும் நானே அனுபவிப்பேன் என்று ஒரு வரி சேர்க்கும் தாத்தாக்கள் இருக்கிறார்கள் இல்லையா, அந்த மூளை. பத்தொன்பது வருடம் அப்படி ஆண்டார், 1513இல் மிஷ்கோவ்ஸ்கி என்கிற ஒரு பிரபுவின் கையால் கொலையுண்டார். அத்தோடு ஸாட்டோர் மன்னருடையதானது.

உங்கள் சிற்றரசை நீங்கள் படிக்கும்போது, விற்ற தேதியையும் உண்மையில் கைக்கு வந்த தேதியையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு புத்தகம் 1494 என்றும் இன்னொன்று 1513 என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று தப்பு என்று அர்த்தமில்லை, ஒன்று கிரயம், இன்னொன்று சுவாதீனம். அதற்குப் பிறகு பட்டா மாறுதல் தனி: இரண்டு சிற்றரசுகளையும் போலந்தின் சட்டசபை 1564இல்தான் முறையாக நாட்டோடு சேர்த்துக் கிராகூ மாகாணத்தில் வைத்தது. அதுவரை வாங்கிய மன்னரின் பெயரில் இருந்தும் தனிச் சட்டம், தனி வழக்கம். ஒரு நாடு "முடிந்த" வருடம் என்று ஒரே ஒரு எண்ணைக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம், நான் மூன்றையும் சொல்லிவிடுவேன்.

ஆறுகளும் எழுதியவர்களும்

வரைபட வேலையை ஆற்றிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் ஊர் எல்லை மாறும், ஆறு அவ்வளவாக மாறாது. ஒஷ்வியென்ச்சிம் சோவா ஆற்றங்கரையில், அது போலந்தின் பெரிய ஆறான விஸ்துலாவில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸாட்டோர் ஸ்காவா கரையில். மேற்கே செஷினோடு எல்லை பியாவா ஆறு. கூகுள் மேப்பில் பியெல்ஸ்கோ-பியாவா என்று ஒரு நகரம் காட்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடும் அந்தப் பக்கம் இன்னொரு நாடுமாக இருந்த இரண்டு ஊர்களை 1951இல் ஒன்றாக்கிய பெயர் அது. எல்லை எங்கே என்று தேடிக் களைத்தவனுக்கு ஊர்ப் பெயரின் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கோடே எல்லை என்று தெரிந்தபோது வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

அப்படியே ஸ்காவாவின் மேல்போக்கில் போனால் வாடோவிட்சே வரும். 1445க்குப் பிறகு ஸாட்டோர் சிற்றரசைச் சேர்ந்த ஊர். பெயர் கேட்டதுபோல் இருக்கிறதா? போப் இரண்டாம் ஜான் பால் 1920இல் பிறந்த ஊர். 1986 நவம்பரில் அவர் காலாங் தேசிய விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றியபோது போன சிங்கப்பூர்க்காரர்கள் உங்கள் அடுக்குமாடியிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு கண்ணியைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் "எங்கேயோ இருக்கிற ஊரைப் பற்றி ஏன் படிக்கிறாய்" என்று கேட்கிறவர்களிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

மூல ஆவணங்களைப் பார்க்க வார்சாவுக்குப் பறக்க வேண்டியதில்லை. போலந்து தேசிய நூலகத்தின் போலோனா என்கிற மின்னூலகம் இலவசம், பழைய நூல்களின் பக்கங்களையே படமாகப் பார்க்கலாம். பத்திரங்கள் முதலில் லத்தீனில் இருக்கும், 15ஆம் நூற்றாண்டில் மேல் சைலீஷியாவின் அரண்மனை எழுத்தர்கள் செக் மொழிக்கு மாறினார்கள், ஜெர்மனும் நடமாடும். போலிஷ் சிற்றரசு என்றால் போலிஷில் எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் எழுதியவர் யாருடைய ஆள் என்று பாருங்கள். இந்தக் காலத்துக்கு எல்லோரும் கைகாட்டுவது யான் துவுகோஷ் என்கிற நாளாகமக்காரரை. நல்ல எழுத்து, நிறைய விவரம். ஆனால் அவர் யாரிடம் செயலாளராக இருந்தார் தெரியுமா? மேலே ஷெவியெஷை விலைக்கு வாங்கினாரே, அந்த ஆயர் ஒலெஷ்னிட்ஸ்கியிடம். பிறகு மன்னரின் பிள்ளைகளுக்கு ஆசிரியராகவும் இருந்தார். சிற்றரசர்களைப் பற்றி அவர் சொல்வதை வாங்கினவர் தரப்புச் சாட்சி சொல்வதாக எடுத்துக்கொண்டு படியுங்கள், தள்ளிவிடவும் வேண்டாம். மெய்க்கீர்த்தியை மட்டும் வைத்துச் சோழர்களை எழுதினால் என்ன ஆகுமோ அதே நிலைமை.

பட்டம் மட்டும் உயிரோடு

நிலம் போனாலும் பட்டம் போகாது, அதையும் கட்டின் கடைசித் தாள் வரை தொடருங்கள். 1564க்குப் பிறகும் போலந்து மன்னர்கள் தங்கள் பட்டங்களில் ஒஷ்வியென்ச்சிம், ஸாட்டோர் சிற்றரசர் என்று சேர்த்துக்கொண்டார்கள். 1772இல் போலந்தை மூன்று வல்லரசுகள் பங்கு போட்டபோது இந்த வட்டாரம் ஆஸ்திரியாவுக்குப் போனது, பட்டமும் கூடவே போய் ஆஸ்திரியப் பேரரசரின் நீளமான பட்டப் பட்டியலில் 1918 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. வியன்னாவில் இருக்கிறவர் ஸாட்டோர் சிற்றரசர்! ஷெவியெஷின் கதை வேறு. அதைக் கிராகூ ஆயர்களே 1790 வரை தனி நாடாக ஆண்டார்கள், நீதிமன்றம் அவ்வளவு கடுமை, "திருடு, கொல்லு, ஷெவியெஷ் பக்கம் மட்டும் போகாதே" என்று பழமொழியே உண்டு. ஒஷ்வியென்ச்சிமை முடித்தவர்கள் அடுத்து அதை எடுங்கள், கைமாறிய தாள்கள் குறைவு, ஒரு வாரயிறுதியில் முடித்துவிடலாம். செஷினை மட்டும் முதலில் எடுக்காதீர்கள், பியாஸ்ட் ஆட்சியே 1653 வரை போகிறது, அதற்குப் பிறகும் முடியாது.

எல்லாத் தாளையும் அடுக்கி முடித்ததும் ஒரு பெரிய காகிதத்தில் சுருக்கி எழுதி, கோப்பிக் கடைக்குக் கொண்டுபோய் நண்பரிடம் காட்டினேன். முதல் ஐந்து நிமிடம் என் உச்சரிப்பைத் திருத்தினார். பிறகு விரலை வைத்து 1138இலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்து, 1918இல் நின்று, "அதற்குப் பிறகு யார் பெயரில் இருக்கிறது என்று எழுதவில்லையே" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் ஒரு மீன் படத்தைக் காட்டினார். ஸாட்டோர் சுற்றுவட்டாரம் முழுக்க மீன் வளர்க்கும் குளங்களாம், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு போலந்து வீடுகளில் கெண்டை மீன் இல்லாமல் சாப்பாடு இல்லையாம். அந்த ஊரின் கெண்டைக்கு 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் பெயர்ப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது, வேறு எங்கே வளர்த்ததையும் ஸாட்டோர் கெண்டை என்று விற்கக் கூடாது. காகிதத்தில் கடைசி வரியாக அதையும் எழுதிக்கொண்டேன்.